மேலூர்க் கூடைகளும் முதல் பஸ்ஸும்

"எங்க வீட்டுல பொம்பளைங்க எங்கயும் போறதில்ல தம்பி" என்றார் என் அப்பா.

அவர் அதைச் சொன்னபோது அவர் மகளான நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். காலில் செருப்பு, தோளில் துணிப்பை, கையில் அட்டைகளைச் செருகிய பலகை. அன்று காலைதான் மேலூரிலிருந்து பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, திருச்சியில் என் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே அலுவலகத்தின் வேலையாகத் திரும்பி வந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சைக்கிள் இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தபடி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி கேட்டவர் சந்தானம். என்னோடு வேலை பார்த்தவர், ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேரு. நானு, இதோட அம்மா, இது."

"நேத்து யார் யார் வெளில போனா, எங்க போனா, எதுல போனான்னு சொல்லுங்கோ."

"நான் பொன்மலைக்குப் போனேன். சைக்கிள்ல."

"வேற யாராவது?"

அதற்குத்தான் அப்பா அந்தப் பதிலைச் சொன்னார். சந்தானம் என்னைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க தம்பி. ஒருத்தன்" என்றார் அப்பா.

சந்தானம் எழுதிவிட்டார். கொல்லைப் பக்கம் என் அம்மா காலிக் கூடையைத் தண்ணீரில் அலசும் சத்தம் கேட்டது. நனைந்த வாழை இலையின் பச்சை வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

ஒரு வாசகருக்கு

இந்தத் தொடரில் நான் கல்லூரியில் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "படித்த பெண்ணுக்கு ஏன் இத்தனை கோபம்?" படித்ததால்தான் ஐயா. படிக்காமல் இருந்திருந்தால் அன்று அந்த அட்டையில் என்ன எழுதப்பட்டது என்பதே எனக்குத் தெரிந்திருக்காதே!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஒர்க்ஷாப்பில் தன் டோக்கன் எண்ணை மட்டும் எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, திருச்சியில் நகர வளர்ச்சிக்காகத் திறந்த ஒரு திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர்களில் நான்தான் வேகம். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். அந்த மெஷின் கிர்ரென்று சுற்றும் ஓசை இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

அப்படிப்பட்டவள் அப்பாவை ஏன் அங்கேயே மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் விதி அது: பதில் சொல்பவரை மறுத்துப் பேசக் கூடாது. வீட்டுத் தலைவர் சொல்வதுதான் வீட்டின் பதில். நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

பெரிய இடம் அதிகம் இழுக்கும்

எங்கள் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஒரு பெரிய வரைபடம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வட்டாரத்திலும் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, நேற்று யார் எங்கே போனார்கள் என்று கேட்போம். அதை வைத்து அந்த வட்டாரத்து மக்கள் எல்லோரும் எங்கெங்கே போவார்கள் என்று கணக்கிடுவோம். பிறகு இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை பேர் என்று படத்தில் கோடு இழுப்போம். போகிறவர்கள் அதிகமானால் கோடு தடிமனாகும்.

இனிமேல் வரப்போகிற பயணத்துக்கும் கணக்கு உண்டு. பெரிய இடம் அதிகம் இழுக்கும், தூரம் கூடக் கூட இழுப்பு குறையும் என்பது அதன் சாரம். அப்போது திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. கைலாசபுரத்தில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார்கள். இன்னும் சுண்ணாம்பு காயாத அந்த வீடுகள் எத்தனை பேரை, எந்தப் பக்கமிருந்து இழுக்கும் என்று நான் மெஷினைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டேன்.

அழகான கணக்கு அது. இன்றைக்கும் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் எந்தக் கணக்கும் அட்டையில் எழுதினதைத்தான் சாப்பிடும். எழுதாதது அதற்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சாதாரண நாள்

இந்த இடத்தில் ஒரு சின்ன வேடிக்கை.

எங்கள் அதிகாரி மதராஸிலிருந்து வந்தவர். வெளிநாட்டில் இந்த வித்தையைப் படித்தவர். கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் இருப்பார். கணக்கெடுப்புக்கு ஒரு "சாதாரண நாள்" வேண்டும், திருவிழாவோ விசேஷமோ இருக்கக் கூடாது என்றார். சிவப்புப் பென்சிலோடு நாட்காட்டியைப் பிரித்துக்கொண்டு சந்தானத்தை அழைத்தார்.

"ஸ்ரீரங்கத்துல எந்தெந்த நாள் விசேஷம்? சொல்லுங்க, அடிச்சிடறேன்."

சந்தானம் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். ஏகாதசி, அமாவாசை, ரேவதி, பகல் பத்து, இராப் பத்து, தேர், தெப்பம். தை முழுக்கச் சிவப்பாயிற்று. பங்குனி சிவப்பாயிற்று. அதிகாரிக்கு வியர்த்தது.

"ஆனி மாசம் ஒண்ணும் இருக்காதே?"

"ஆனில ஜ்யேஷ்டாபிஷேகம் சார். பெருமாளுக்கு உத்ஸவம் இல்லாத நாளாத் தேடறேளே, அப்படி ஒண்ணு இருந்தா அன்னிக்குத்தான் ஸ்ரீரங்கத்துல விசேஷம்."

கடைசியில் யாருக்கும் காரணம் தெரியாமல் மிஞ்சிய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் மறுநாள் மாலை சந்தானம் என் அப்பாவிடம் கேட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் என் அம்மா முதல் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

கூடை போச்சு, கூடை வந்துருச்சு

எங்கள் மேலூர் கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்குள் இருக்கிற ஊர். ஆண்கள் தோட்டத்தில் இருப்பார்கள், அல்லது என் அப்பாவைப் போலப் பொன்மலைக்கு சைக்கிள் மிதிப்பார்கள். பெண்கள் வாழை இலையும் பூவும் கீரையும் கொண்டுபோய் பாலத்துக்கு அந்தப் பக்கம் மார்க்கெட்டில் விற்றுவிட்டு வருவார்கள். விடிவதற்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் முதல் பஸ் அவர்களுடையது. அந்த பஸ்ஸின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். கண்டக்டர் இலைக்கட்டுகளைத் தாண்டித் தாண்டித்தான் டிக்கெட் கிழிப்பார்.

ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் "மார்க்கெட்டுக்குப் போனேன்" என்று சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டு ஆணுக்குக் கௌரவக் குறைச்சல். "கூடை போச்சு" என்பாள். "கூடை வந்துருச்சா?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்பாள். கூடையைச் சுமந்த தலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டு அட்டையிலும் ஒரு பெண் கூட வீட்டைவிட்டு நகரவில்லை. வரைபடத்தில் மேலூரிலிருந்து பாலத்துக்கு நான் இழுக்க வேண்டியிருந்த கோடு தலைமயிரைவிட மெல்லியது.

அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அதிகாரி முடிவெடுத்தார். பஸ்கள் குறைவு. தேவையில்லாத இடத்திலிருந்து எடுத்துத் தேவையுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். மேலூரின் முதல் பஸ்ஸில் யாரும் போவதாகத் தெரியவில்லை. எனவே அதைத் தொழிற்சாலையின் காலை ஷிப்டுக்குத் திருப்பிவிடலாம் என்று சிபாரிசு எழுதத் தொடங்கினார். பஸ் முதலாளிக்கு அதில் மகிழ்ச்சிதான். ஈரமில்லாத பயணிகள் கிடைப்பார்கள் அல்லவா?

பெருமாள் எந்தப் பக்கம்?

நான் அவர் அறைக்குப் போனேன். சந்தானமும் வரைபடச் சுருளோடு அங்கே இருந்தார்.

"சார், அந்த முதல் பஸ்ஸுல நிக்க இடம் இருக்காது. முழுக்கப் பொம்பளைங்க."

"தெரியும் மிஸ். நானே ஒரு நாள் ஜீப்புல போறப்ப பாத்தேன். அது கோயில் கூட்டம். காவேரிக் குளியல், விடியக்காலை விசுவரூப தரிசனம். அது விருப்பத்துக்குப் போறது. நாம பாக்கறது தேவை."

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது.

"சார், பஸ் கோயிலைத் தாண்டித்தான் பாலம் ஏறுது. பெருமாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கார். அவங்க அந்தப் பக்கம் போய் இறங்கறாங்க."

சந்தானம் வரைபடச் சுருளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"நீங்க அந்த ஊர்ங்கறதால உணர்ச்சிவசப்படறீங்க மிஸ். அட்டையில இருக்கறதுதான் கணக்கு."

"அட்டை தப்பு சார்."

"அப்போ அட்டையைத் திருத்திக் கொண்டு வாங்க. வீட்டுத் தலைவர் சொல்லணும். அவர் இல்லாதப்போ வீட்டுல வயசு வந்த யாராவது சொல்லலாம். விதி அதுதான். சிபாரிசு இந்த மாசக் கடைசில போயிடும்."

இரண்டு கறைகள்

அப்பாவிடமிருந்து தொடங்கினேன். சாப்பாட்டு நேரத்தில்.

"அம்மா மார்க்கெட்டுக்குப் போறதை ஏம்ப்பா சொல்லல?"

"அது போறதா? கூடை போகுது. கூட இவ போறா."

"பஸ்ஸையே எடுத்துடப் போறாங்கப்பா."

"எடுத்தா வேற வண்டி விடுவான். பொன்மலைல என் செட்டுல எவன் பொண்டாட்டியும் கூவி விக்கிறதில்ல. நான் மட்டும் கவர்மெண்ட் அட்டைல எழுதிக் குடுக்கணுமா?"

"சரி, என்னை ஏன் விட்டீங்க? எதிர்லதானே நின்னேன்!"

அதற்கு அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உன்னை எதுக்கு எழுதணும்? நீ எழுதுற ஆளு. எழுதுறவங்களை எழுதுவாங்களா?"

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

அப்பாவின் காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை இருக்கும். அதைத் துவைக்கும்போது கூட முழுக்கப் போக்கிவிடாதே என்பார். கறை இருந்தால் ஒர்க்ஷாப் ஆள் என்று தெருவில் மரியாதை. அம்மாவின் ரவிக்கையில் தோளோரம் வாழைக்கறை இருக்கும். கறுப்புக் கறுப்பாக, எந்தச் சோப்புக்கும் போகாத கறை. அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டே நடப்பாள். ஒரு கறை மரியாதை சம்பாதித்தது, இன்னொரு கறை ஒளிந்துகொண்டது. இரண்டும் ஒரே கொடியில்தான் காய்ந்தன.

"சண்டை போடாமச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. எடுக்கப்போகிற பஸ்ஸே அவளுடையது. அவள் என் தட்டில் ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

கூடையிடம் கேட்டேன்

ஆண்கள் இல்லாத பகல் வேளையில் நானும் சந்தானமும் எங்கள் தெருவுக்குப் போனோம். வீட்டுத் தலைவர் இல்லாதபோது வயது வந்த யாரும் பதில் சொல்லலாம் அல்லவா? விதியை நானும் பிடித்துக்கொண்டேன்.

எதிர் வீட்டுப் பொன்னம்மாப் பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து இலைக்கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தாள். தெருவிலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான்.

"நேத்து எங்கெல்லாம் போனீங்க பெரியம்மா?"

"நாங்க எங்கடி போறோம்? வீட்டோட கெடக்கோம்."

என் முகத்துக்கு நேரே சொன்னாள். முந்தின நாள் காலையில் அவளும் அம்மாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனதை நான் பார்த்திருந்தேன். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஆண்கள் மறைத்தார்கள் என்றுதானே கோபப்பட்டேன்? பெண்களும் சேர்ந்து மறைத்தால் நான் யார் மேல் கோபப்படுவது? வெயிலில் நின்று பலகையை உடைத்துவிடலாம் போல இருந்தது.

"போயிடலாம் ஆண்டாள்" என்றார் சந்தானம். "சொல்ல மாட்டா."

நான் திரும்பிப் பெரியம்மா வீட்டுக்கே போனேன்.

"பெரியம்மா, உங்களை விடுங்க. உங்க கூடை நேத்து எங்க போச்சு?"

"மார்க்கெட்டுக்கு" என்றாள் உடனே.

"எதுல போச்சு?"

"மொத பஸ்ஸுல."

"வரும்போது?"

"காலிக் கூடைக்கு எதுக்குடி பஸ்ஸு? நடந்தே வந்துருச்சு."

"கூடையா நடந்துச்சு?"

"ஆமா. என் தலைமேல உக்காந்து நடந்துச்சு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நார் கையில் அப்படியே நின்றுவிட்டது. சந்தானம் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அன்று தெரு முழுக்கக் கூடையைக் கேட்டோம். எல்லாக் கூடைகளும் பதில் சொல்லின. எந்த பஸ், எங்கே இறங்கிற்று, இலைக்கூடையா பூக்கூடையா, மழை பெய்தால் எங்கே ஒதுங்கும் என்று கேட்காததையும் சொல்லின.

"அது சரக்கு"

மறுநாள் அட்டைகளை அதிகாரி மேஜையில் வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை. அவர் இரண்டு அட்டைகளைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"கூடைன்னா சரக்கு மிஸ். நம்ம ஆய்வு ஆட்களைப் பத்தி."

"கூடைக்குக் கால் இல்ல சார்."

"அப்போ கால் இருக்கறவங்க அவங்க வாயால சொல்லட்டும்."

நான் வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் கணக்குத் தாளில் சைக்கிளுக்கு ஒரு பத்தி, ஜீப்புக்கு ஒரு பத்தி, மாட்டுவண்டிக்கு ஒரு பத்தி இருந்தது. என் அம்மாவுக்கு மட்டும் பத்தி இல்லை. அவள் கோயில் கூட்டம், இல்லாவிட்டால் சரக்கு. இதற்காகவா நான் கணிதம் படித்தேன் என்று நினைத்தபோது கைப்பிடியைச் சுற்றக் கூட மனம் வரவில்லை.

ஆனால் அவர் நேர்மையானவர் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தேகமுள்ள அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வருவதாகச் சொன்னார்.

ஜீப் வந்த காலை

மகளுடைய அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி வந்தது. கோலி சோடா வந்தது. ஜீப்பைச் சுற்றித் தெருவே நின்றது.

அதிகாரி சோடாவைப் பாதி குடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அதிகாரியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"இல்லைங்க சார். எங்க வீட்டுல பொம்பளைங்க எங்கயும் போறதில்ல."

அப்போதுதான் "கூடை வந்துருச்சு" என்று தெருமுனையில் யாரோ குரல் கொடுத்தார்கள். மார்க்கெட்டிலிருந்து பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா முன்னால் வந்தாள். வாசலில் ஆட்களைக் கண்டதும் கூடையை இடுப்புக்கு இறக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தலையில் கூடைக்கு வைத்த துணிச் சும்மாடு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டாள்.

"அம்மா, எங்க போயிட்டு வரீங்க?" என்று அதிகாரி மரியாதையாகவே கேட்டார்.

"எங்கயும் இல்லிங்க. இங்கதான் இருக்கேன்."

தலையில் சும்மாட்டோடு சொன்னாள். அதிகாரி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மிஸ்?" என்றார். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

அவர் எழுந்துகொண்டே அப்பாவிடம் சொன்னார்: "அதனாலதாங்க இந்த முதல் வண்டியைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பிடலாம்னு இருக்கோம். இங்க யாருக்கும் தேவைப்படல."

உள்ளே போகத் திரும்பிய அம்மா நின்றாள். "பஸ்ஸை எடுக்கப் போறது இவங்கதானா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

முந்தானைக்குள்ளிருந்து கூடை வெளியே வந்தது. அதை அதிகாரியின் காலடியில் வைத்தாள்.

"அப்ப எழுதிக்குங்க சார். நான்தான் போறேன். தெனம் போறேன். இலையும் பூவும் வித்துட்டு வரேன். கூடை போகுதுன்னு சொல்றது ஊருக்காக. வலிக்கிறது என் கழுத்து."

"ரெங்கம்!" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. உங்க கௌரவத்தையும் கூடைல வச்சு நானே தூக்கிட்டுப் போறேன். அதுக்கும் பஸ்ஸு வேணும்ல?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். எதிர் வீட்டு வாசலிலிருந்து பொன்னம்மாப் பெரியம்மா கத்தினாள்: "ஆண்டாளு! என்னையும் எழுதிக்கச் சொல்லு. நடந்து வர்ற கூடை நான்தான்!"

அதிகாரி திரும்ப உட்கார்ந்தார். சந்தானத்திடமிருந்து பென்சிலை வாங்கி அவரே எழுதினார்.

"பேர்?"

"ரெங்கம்மா."

"போற காரணம்... கோயில்னு போட்டுக்கலாமா?" அது பழக்க தோஷமாக வந்த கேள்வி. கிண்டல் இல்லை.

"கோயிலுக்குன்னா குளிச்சிட்டுப் போவேன் சார். இந்தக் கறையோடயா போவேன்?" அம்மா தோளிலிருந்து முந்தானையை விலக்கி வாழைக்கறையைக் காட்டினாள். தெருவறிய அவள் அதைக் காட்டியது அன்றுதான்.

அவர் "வேலை" என்று எழுதினார். பிறகு அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆக, இந்த வீட்டுல ரெண்டு பேர் பயணம் போறாங்க."

அப்பா சோடா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு பேரு சார்" என்றார்.

"மூணாவது யார்?"

அப்பா மோவாயால் என்னைக் காட்டினார்.

"உங்க ஆபீசுக்குத்தான் சார் வருது."

மை

சிபாரிசிலிருந்து எங்கள் பஸ்ஸின் பெயர் நீங்கியது. தொழிற்சாலைக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். முடியும் என்றால் முதலிலேயே செய்திருக்கலாம். முதல் பஸ் விடிவதற்கு முன்னால் மேலூரிலிருந்து ஈரத் தரையோடு கிளம்பிக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் இன்னும் இலைக்கட்டுகளைத் தாண்டுகிறார். மற்ற ஊர்களில் எத்தனை அட்டைகளில் எத்தனை பெண்கள் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் தெருவில் மட்டும் இப்போதெல்லாம் ஒருவர் இருவர், "நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்" என்கிறார்கள். அப்பா அதைக் கேட்டால் சைக்கிளைத் துடைப்பது போலக் குனிந்துகொள்வார்.

திருத்திய கணக்கின்படி வரைபடத்தில் மேலூர்க் கோட்டை நான்தான் போட்டேன். பெரிய மேஜையில் படத்தை விரித்து, அளவுகோலை வைத்து, கறுப்பு மையில் பேனாவைத் தோய்த்து, மேலூரிலிருந்து கோயிலைத் தாண்டி, காவேரியைத் தாண்டி, மார்க்கெட் வரைக்கும் இழுத்தேன். பொன்மலைக்கு அப்பா போகிற கோட்டைவிட அது தடிமனாக இருந்தது. கணக்கில் வந்த தடிமன்தான். ஒரு மயிரிழையும் நான் கூட்டவில்லை.

அதிகாரி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"கொஞ்சம் கண்ணை உறுத்துது மிஸ். மெலிசாப் போட்டுடலாமே?"

நான் பேனாவை மறுபடியும் மையில் தோய்த்தேன்.